ஒப்படைத்தவள் கேட்ட கேள்வி

மட்டக்களப்பு
ஜூன் 8

அன்புள்ள தங்கச்சி றோசாவுக்கு,

அக்கா மாக்கிரட் எழுதுறன். மாதா துணையில நடமாடிக்கொண்டு இருக்கன். நீயும் வின்சன்ட் தம்பியும் சுகமா இருக்க வேணும் எண்டு ஒவ்வொரு பூசையிலயும் கேக்கிறன். தம்பிட முழங்கால் நோ எப்பிடி?

இதைப் போனில சொல்லியிருக்கலாம். ஆனா போனில நீ அழத் தொடங்குவாய், மறுகா நானும் அழுவன், சொல்ல வந்தது அப்பிடியே கிடக்கும். அதுதான் வழக்கம்போல எழுதி, பக்கத்து வீட்டு றொஷினிட்டக் குடுத்துப் படம் எடுத்து அனுப்புறன். நீயும் எழுதியே அனுப்பு. அவள் தான் வேலை செய்யிற கடையில அச்சடிச்சுத் தருவாள்.

விசயம் இதுதான். ஜனாதிபதித் தேர்தலுக்கு நிக்கிற மூண்டு பேரையும் ஒரே மேடையில வச்சு, கொழும்பில டிவிக்காரர் விவாதம் நடத்தப்போறாங்க. சபையில இருக்கிற சனமும் கேள்வி கேக்கலாமாம். எங்கட பக்கத்தில இருந்து ஒரு ஆளை அனுப்பச் சொல்லி, பிள்ளைகளைத் தேடுற எங்கட தாய்மார் சங்கத்துக்கு அறிவிச்சிருக்கிறாங்க. நல்லம்மா அக்காதான் முதல்ல என்ட பேரைச் சொன்னவ. "நீதான் அழாமக் கதைப்பாய்" எண்டு சொன்னா.

கேள்வி கேக்க ஒரு நிமிசம் தருவாங்களாம். என்ட பிள்ளை பேனாட்டைப் பற்றி ஒரு நிமிசத்தில எப்பிடிச் சொல்றது? நீ அங்க அகதி வழக்குகளில மொழிபெயர்க்கிற ஆள். சனம் தங்கட கதையைச் சுருக்கிச் சொல்றதை நாளாந்தம் கேக்கிறாய். எனக்கும் சொல்லித் தா.

பிள்ளைகளுக்கு என்ட முத்தம்.

உன்ட அக்கா
மாக்கிரட்


வில்லரே, மொன்றியல்
ஜூன் 13

அன்பு அக்காவுக்கு,

நாங்க ரெண்டு பேரும் சுகம். மெட்ரோப் படி இறங்கக்குள்ள மட்டும் இவர் முனகுறார். டொக்டரிட்டப் போவம் எண்டால், அடுத்த கிழமை எண்டு சொல்லிக்கொண்டே பனிக்காலமும் முடிஞ்சுது. நீங்க பிரசர் குளிசையை ஒழுங்காப் போடுறீங்களா?

அக்கா, கட்டாயம் போங்க. கேள்வி ஒரே ஒரு வசனமா இருக்கட்டும். பேனாட்டைக் "காணாமல் போன மகன்" எண்டு மட்டும் சொல்லாதீங்க. காணாமல் போறது ஆட்டுக்குட்டி. விசாரணைக்கு வரச் சொன்னாங்க எண்டு நீங்கதான் அவனைக் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய், முகாம் வாசலில அதிகாரிட்ட ஒப்படைச்சீங்க. பின்னேரம் வந்து கூட்டிக்கொண்டு போங்க எண்டு அந்த ஆள் சொன்னவர். "ஒப்படைச்சன்" எண்ட சொல் கேள்வியில இருக்க வேணும். அந்தச் சொல் இருந்தால் வாங்கின கை ஒண்டு இருக்குது. அது இல்லாட்டி ஒருத்தரும் பதில் சொல்லத் தேவையில்ல.

இஞ்ச விசாரணையில நான் ஒரு சொல்லைத் தவற விட்டால் வக்கீல் எழும்பிடுவார். "அடிச்சாங்க" வேற, "அடிப்பாங்க" வேற. அந்த ஒரு எழுத்தில ஒரு மனிசன்ட கதை பொய்யாகி, அவரைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்க. அதால சொல்லுறன், சொல்லைக் கவனமா வையுங்க.

அங்க இரவு எண்டால் எங்களுக்குக் காலமை. புரோசார்டில யோகேந்திரன் அண்ணை வீட்டுக் கீழ்த்தளத்தில பெரிய டிவி இருக்குது. எங்கட ஆக்கள் எல்லாரும் அங்கதான் கூடுறாங்க. நாங்களும் போறம்.

அந்த நாவல் நிறச் சீலையைக் கட்டுங்க.

அன்புத் தங்கச்சி
றோசா


மட்டக்களப்பு
ஜூலை 1

அன்பான றோசா,

கர்த்தருக்குத் தோத்திரம். நான் நல்ல சுகம். நீங்க எல்லாரும் பாத்திருப்பீங்க, நான் என்னத்தை எழுத.

ஆனாலும் எழுதுறன். காதில ஒரு சாமான் மாட்டிவிட்டாங்க. மேடையில அவங்க சிங்களத்தில கதைக்கிறது காதுக்குள்ள தமிழில வந்துது. குரல் நடுங்கேல்ல. நீ சொன்னமாதிரியே கேட்டன்: "என்ட மகன் பேனாட்டை நானே கொண்டுபோய் ஒப்படைச்சன். அவன் எங்க?" அவ்வளவுதான்.

மூண்டு பேரில நடுவில நிண்ட அத்துலசிறிதான் பதில் சொன்னவர். என்ட முகத்தைப் பாத்துச் சொன்னவர். "அம்மாவின் மனம் ஆறும்படி நல்ல முடிவு தருவேன்" எண்டு காதுக்குள்ள வந்துது. சபை முழுக்கக் கை தட்டினது. இத்தனை வருசமா எத்தனை கந்தோர், எத்தனை ஆணைக்குழு. ஒருத்தராவது என்ட முகத்தைப் பாத்து முடிவு எண்ட சொல்லைச் சொன்னதா? என்ட கை தானாக் கூப்பினது.

வந்து படுத்த நான் விடியுமட்டும் நித்திரை. றொஷினி வந்து கதவு தட்டித்தான் எழும்பினன். அவன் போன பிறகு இப்பிடி ஒரு நித்திரை இல்ல, றோசா.

நீ பாத்திட்டு என்ன சொன்னாய்? வின்சன்ட் தம்பி என்ன சொன்னவர்? கெதியா எழுது.

உன்ட அக்கா
மாக்கிரட்


மொன்றியல்
ஜூலை 14

அன்பு அக்காவுக்கு,

நாங்க சுகம். பதில் எழுதப் பிந்திப்போச்சு, குறை நினைக்காதீங்க. விசாரணைகள் கூடிப்போச்சு. இஞ்ச இப்ப சரியான வெக்கை. இவர் பலகணியில தக்காளி நட்டிருக்கிறார். சின்னவள்ட மகளுக்கு கார்டறியில, அதுதான் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில, இடம் கிடைச்சிட்டுது. "போன்ஜூர்" எண்டுதான் எனக்கே வணக்கம் சொல்றாள்.

உங்களைப் பாத்தம். சீலை நல்லா இருந்துது. நீங்க கேட்டதும் நல்லாத்தான் இருந்துது, ஒரு சொல் பிசகேல்ல. யோகேந்திரன் அண்ணை வீட்டில எல்லாரும் கை தட்டினவங்க.

நல்லா நித்திரை கொண்டீங்க எண்டு எழுதினதை நான் திருப்பித் திருப்பி வாசிச்சன். அது எனக்குச் சந்தோசம், அக்கா.

தேர்தல் நேரத்தில சொல்றதுகளை அப்பிடியே நம்பியிருக்க வேணாம் எண்டுதான் நான் நினைக்கிறன். வேற ஒண்டும் இல்ல. குளிசையை விட்டிடாதீங்க.

றோசா


மட்டக்களப்பு
ஜூலை 21

அன்பான தங்கச்சிக்கு,

நான் சுகம். உங்கட சுகத்துக்கும் மன்றாடுறன்.

உன்ட கடிதம் ஏன் இப்பிடி வறண்டு கிடக்குது? தக்காளியைப் பற்றியும் எழுதினாய், அக்கா சபையில கேட்டதுக்கு ரெண்டே வரிதான். கோவமோ?

இஞ்ச எனக்கு ஓய்வில்ல. அத்துலசிறிட ஆக்கள் வந்து, நான் கை கூப்பினபடி நிக்கிற படத்தைப் பெரிசா அடிச்சு, பஸ் நிலையத்தடியில கட்டியிருக்கிறாங்க. "ஒரு தாயின் நம்பிக்கை" எண்டு எழுதியிருக்குது. முதல்ல கூச்சமா இருந்துது. மறுகா யோசிச்சன், இவ்வளவு சனத்துக்கு முன்னால சொன்ன ஆள் பின்னுக்கு எப்பிடி மாறுவார்? அதால நானே வீடு வீடாப் போய் மற்றத் தாய்மாரிட்டச் சொல்றன், இந்த முறை எல்லாரும் அவருக்கே போடுவம் எண்டு. வாகரைப் பக்கமும் போனன். நான் சொன்னாக் கேக்கிறாங்க. ஒப்படைச்சவள் சொல்றாள்தானே.

நல்லம்மா அக்காவோட மட்டும் சண்டையாப் போச்சு. அவ என்னைப் பாத்து, "அவன் எதைத் தருவன் எண்டவன்? பிள்ளையையா, பதிலையா?" எண்டு கேட்டா. உனக்குப் பொறாமை எண்டு சொல்லிட்டு வந்திட்டன். அண்டைக்குப் பிறகு அவ என்னோட கதைக்கிறதில்ல.

நீயாவது மனசு திறந்து எழுது.

மாக்கிரட்


மொன்றியல்
ஜூலை 22

அக்கா,

சுகம் கேட்டு எழுத எனக்கு இண்டைக்கு மனம் வரேல்ல. இதை வாசிக்கக்குள்ள கதிரையில இருங்க. றொஷினியைப் பக்கத்தில வச்சிருங்க.

கல்யாணத்துக்கு முதல் நான் கொழும்பில வேலை செய்த காலத்தில படிச்ச சிங்களம் எனக்கு இன்னும் மறக்கேல்ல. அண்டைக்கு அந்த வீட்டில சிங்களம் விளங்கினது எனக்கு மட்டும்தான். மற்ற எல்லாரும் திரையில கீழ ஓடின தமிழை வாசிச்சாங்க.

நீங்க கேட்டதை அங்க இருந்த மொழிபெயர்ப்பாளர் அவருக்குச் சொல்லேல்ல. அவர் சிங்களத்தில சொன்னது இது: "இந்தத் தாய் யுத்தத்தில் மகனை இழந்தவர். இப்படியான தாய்மாருக்கு என்ன உதவி செய்வீர்கள் என்று கேட்கிறார்." ஒப்படைச்சன் எண்ட சொல் இல்ல. எங்க எண்ட சொல் இல்ல. பேனாட்ட பேரே இல்ல.

அதுக்கு அத்துலசிறி சொன்ன பதில்: "யுத்தத்தில் நாம் எல்லாரும் பிள்ளைகளை இழந்தோம். அந்த அம்மாவுக்கு மாதாந்தம் உதவித்தொகையும் ஒரு தையல் மெசினும் கொடுப்போம். பழையதை மறக்க உதவுவோம்." சபை கை தட்டினது அதுக்கு. அதைத்தான் உங்கட காதுக்குள்ள "நல்ல முடிவு" எண்டு ஊத்தியிருக்கிறாங்க. நீங்க கை கூப்பினது ஒரு தையல் மெசினுக்கு, அக்கா.

என்ட தொழில் இது. சத்தியம் செய்து போட்டுத்தான் நான் மன்றில வாய் திறக்கிறது. ஒரு தாய்ட வாயில இருந்த சொல்லைப் பிடுங்கி எறிஞ்சிட்டு வேற சொல்லை வச்சிருக்கிறாங்க. எனக்கு உடம்பெல்லாம் எரியுது. அங்கயே எழும்பிச் சொன்னன், இது அக்கா கேட்ட கேள்வி இல்ல எண்டு. யோகேந்திரன் அண்ணை என்னை இருக்கச் சொன்னார். "நல்லாத்தானே சொல்லியிருக்கிறான், நீர் ஏன் இப்ப குழப்புறீர்? எங்கட சனத்துக்கு ஏதோ கிடைக்கட்டும்" எண்டார். மற்றவங்க மிக்சரைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்தாங்க. நாங்க எழும்பி வந்திட்டம்.

அதுக்குப் பிறகு வந்துது உங்கட கடிதம். விடியுமட்டும் நித்திரை எண்டு எழுதியிருந்தீங்க. இவரும் சொன்னார், கொஞ்ச நாளுக்காவது விடு எண்டு. விட்டன். அதால நீங்க இப்ப வாகரை வரைக்கும் போய் மற்றத் தாய்மாரிட்டச் சொல்லிட்டீங்க. இதுக்கு மேல நான் தக்காளியைப் பற்றி எழுத ஏலாது.

டிவிக்காரருக்கு எழுதிக் கேட்டிருக்கிறன்.

றோசா


மட்டக்களப்பு
ஆகஸ்ட் 19

றோசா,

உயிரோட இருக்கன். நீ நாலு தரம் றொஷினிட்ட விசாரிச்சதும் தெரியும். எழுத மனம் இல்லாமத்தான் எழுதேல்ல.

எனக்கு முதல்ல கோவம் வந்தது அவங்களில இல்ல, உன்னில. அவங்கள் மாத்திச் சொன்னது என்னை ஆர் எண்டு தெரியாம. நீ மறைச்சது என்னைத் தெரிஞ்சு. பேனாட்டை வரச் சொன்ன நாளில இருந்து எல்லாரும் எனக்கு நல்லதைத்தான் சொன்னாங்க. பின்னேரம் விட்டிடுவம் எண்டாங்க. வேற முகாமில சுகமா இருக்கிறான் எண்டாங்க. வெளிநாடு போயிருப்பான் எண்டாங்க. எல்லாரும் என்ட மனம் நோகக் கூடாது எண்டு பாத்துப் பாத்து என்னை முட்டாளாக்கினாங்க. நீயும் அந்த வரிசையில நிண்டிட்டாய். இனி ஒரு சொல்லையும் எனக்காக மெதுவாக்காத.

அதுக்குப் பிறகு நான் செய்தது சொல்றன். நல்லம்மா அக்காட வாசலுக்குப் போய் நிண்டன். அவ தேத்தண்ணி ஊத்தினா. மறுகா ரெண்டு பேருமா, நான் போன வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போனம். நான் சொன்னது பிழை எண்டு சொன்னம். சில பேர் ஏசினாங்க. ஏசத்தான் வேணும். பஸ் நிலையத்தடியில இருந்த என்ட படத்தைக் கழட்டச் சொல்லிக் கேட்டன். அங்க நிண்ட ஒருத்தன் சிரிச்சுக்கொண்டு, "படம் வடிவாத்தானே அம்மா இருக்கு" எண்டான்.

இப்ப புது விசயம். ரெண்டாவது விவாதத்துக்கும் என்னை வரச் சொல்லி அத்துலசிறிட கொழும்பு ஆக்கள் அறிவிச்சிருக்கிறாங்க. நான் வீடு வீடாத் திரும்பப் போனது அவங்களுக்கு எட்டேல்லப்போல. முன் வரிசையில இருக்க வேணுமாம். அத்துலசிறிக்கு ரெண்டு வசனத்தில நன்றி சொல்ல வேணுமாம். வாறன் எண்டு சொல்லிட்டன்.

நீ எனக்கு ஒரு வேலை செய். நான் கேட்ட அதே கேள்வியைச் சிங்களத்தில, தமிழ் எழுத்தில எழுதி அனுப்பு. அழகு படுத்தாத.

மாக்கிரட்


மொன்றியல்
ஆகஸ்ட் 20

அக்காவுக்கு,

நீங்க ஏசினது சரி.

டிவிக்காரரிட்ட இருந்து பதில் வந்துது. நேர நெருக்கடியால கேள்விகள் சுருக்கி மொழிபெயர்க்கப்பட்டதாம், பொருள் மாறவில்லையாம். மூண்டு வரி. பொருள் மாறவில்லை எண்டு எழுதின கையை நான் ஒருக்காப் பாக்க வேணும்.

இவர் உங்களைப் போக வேணாம் எண்டு எழுதச் சொல்றார். அங்க தனிய இருக்கிற மனிசி, நாளைக்கு ஆர் வந்து கதவைத் தட்டினாலும் நாங்க இஞ்ச இருந்து என்ன செய்ய எண்டு கேக்கிறார். அவர் பயப்பிடுறதில பிழை இல்ல. எனக்கும் பயம்தான். நான் சொல்லிட்டன். நீங்க யோசிச்சு முடிவெடுங்க.

வசனம் இது:

மகே புத்தா பேனாட்வ மமயி பார துன்னே. எயா கொஹெத இன்னே?

"பார துன்னே" எண்டதுதான் ஒப்படைச்சன். அந்த இடத்தில அவசரப்படாதீங்க. அதைச் சொல்லி, மூச்சு விட்டு, பிறகு மற்றதைக் கேளுங்க. கண்ணாடிக்கு முன்னால நிண்டு சொல்லிப் பாருங்க. றொஷினிக்குச் சிங்களம் கொஞ்சம் தெரியும்தானே, அவளிட்டச் சொல்லிக் காட்டுங்க.

அந்த நேரம் நான் டிவிக்கு முன்னால இருப்பன். எங்கட வீட்டில.

றோசா


மட்டக்களப்பு
செப்டம்பர் 9

அன்பான றோசாவுக்கு,

நான் சுகமாத் திரும்பி வந்திட்டன். வின்சன்ட் தம்பிக்கு முதல்ல இதைச் சொல்லு.

நீ பாத்திருப்பாய். ஆனா திரையில தெரியாததும் இருக்குது. மைக்கைக் கொண்டு வந்து தந்த பிள்ளை, "அம்மா, நன்றி மட்டும்" எண்டு காதுக்குள்ள சொன்னவள். நான் காதில மாட்டியிருந்த சாமானைக் கழட்டி மடியில வச்சன். மறுகா எழும்பி, நீ எழுதினதைச் சொன்னன். "பார துன்னே" எண்ட இடத்தில மூச்சு விட்டன். முழுசாச் சொன்னன்.

அத்துலசிறிக்குப் பக்கத்தில நிண்ட ரெண்டு பேரும் தங்கட கடதாசியைப் பாத்தாங்க. அவர் தண்ணியை எடுத்துக் குடிச்சார். நடத்தினவர் என்னவோ சொல்லிச் சிரிச்சார். பிறகு மேடையில வெளிச்சத்தைக் குறைச்சிட்டாங்க, விளம்பரமாம். திரும்பி வந்த நேரம் பெற்றோல் விலையைப் பற்றிக் கதைச்சாங்க. என்ட பக்கம் ஒருத்தரும் திரும்பேல்ல.

எல்லாம் முடிஞ்ச பிறகு அவர் மேடையால இறங்கி நேரா என்னட்ட வந்தார். படம் எடுக்கிற ஆக்கள் சுத்தி நிண்டாங்க. என்ட ரெண்டு கையையும் பிடிச்சார். முகம் நல்ல சாந்தமா இருந்துது. சிரிச்ச முகம் மாறாம, மெதுவாச் சிங்களத்தில ஒண்டு சொன்னார். பக்கத்தில மொழிபெயர்க்க ஒருத்தரும் இல்ல. நான் பஸ்ஸில வந்த வழி முழுக்க அதை வாய்க்குள்ள சொல்லிக்கொண்டு வந்தன், மறந்திடக் கூடாது எண்டு. காதில விழுந்தபடி எழுதுறன்:

மே கேனிவ கவுத எக்ககெனாவே.

என்னத்தைச் சொன்னவர்? எனக்கு ஆறுதல் சொன்னவரோ? றொஷினிட்டக் கேட்டன். சரியா விளங்கேல்ல எண்டு குனிஞ்சுகொண்டு போயிட்டாள். அவளுக்கு விளங்கியிருக்குது எண்டு நினைக்கிறன். நீ சொல்லு. உள்ளது உள்ளபடி.

நேற்று ரெண்டு பேர் மோட்டசைக்கிளில வந்து என்ட பேரையும் சங்கத்தில ஆர் ஆர் இருக்கிறாங்க எண்டும் கேட்டாங்க. நல்லம்மா அக்கா வந்து என்னோட இருக்கிறா.

உன்ட அக்கா
மாக்கிரட்


மொன்றியல்
செப்டம்பர் 10

அன்பு அக்காவுக்கு,

நீங்க பத்திரமா வந்து சேந்தது பெரிய நிம்மதி. நீங்க எழும்பி நிண்ட நேரம் இவர் கதிரையை விட்டு எழும்பிட்டார். முடியுமட்டும் நிண்டுகொண்டே பாத்தார். ஒரு எழுத்துப் பிசகாமச் சொன்னீங்க. நான் மன்றில எத்தனை பேர்ட சொல்லைச் சுமந்திருக்கிறன். ஒரு ஆள் தன்ட சொல்லைத் தானே சுமந்து கொண்டுபோய் வச்சதை அண்டைக்குத்தான் பாத்தன்.

யோகேந்திரன் அண்ணை போன் எடுத்தவர். "கிடைக்க இருந்ததையும் உங்கட அக்கா கெடுத்துப்போட்டா" எண்டு சொன்னார். தையல் மெசினை நீங்களே வாங்கித் தாங்க எண்டு சொல்லி வச்சிட்டன்.

இனி நீங்க கேட்டது. ரெண்டு நாள் பிந்தி எழுதுவமா எண்டு நினைச்சன். நினைச்ச உடனயே பேனையை எடுத்திட்டன்.

அவர் உங்களுக்கு ஆறுதல் சொல்லேல்ல, அக்கா. அவர் உங்களோட கதைக்கவே இல்ல. உங்கட கையைப் பிடிச்சுக்கொண்டு, பின்னால நிண்ட தன்ட ஆக்களிட்டக் கேட்டிருக்கிறார். அந்த வசனத்தின்ட தமிழ் இது:

"இந்தப் பொம்பிளைய ஆர் கூட்டிக்கொண்டு வந்தது?"

பொம்பிளை எண்டு நான் எழுதினது கூட மரியாதையாப் போச்சு. "கேனி" எண்டது அதை விடக் கீழான சொல். வயசான ஒரு ஆளைப் பாத்து ஆரும் அப்பிடிச் சொல்ல மாட்டாங்க.

இதுதான் உள்ளது. ஒண்டையும் நான் குறைக்கேல்ல.

நல்லம்மா அக்காவைப் போக விடாதீங்க. உங்களோடயே வச்சிருங்க.

றோசா


மட்டக்களப்பு
ஒக்டோபர் 12

அன்பான தங்கச்சி றோசாவுக்கும் வின்சன்ட் தம்பிக்கும்,

நானும் நல்லம்மா அக்காவும் சுகம். அவ தன்ட கோழிகளையும் கொண்டுவந்து இஞ்சயே குடியிருக்கிறா. மோட்டசைக்கிள்காரர் இன்னொருக்கா வந்தாங்க. அந்த நேரம் சங்கத்துத் தாய்மார் பன்னிரண்டு பேர் முத்தத்தில இருந்தாங்க. கேட்டுக்கு வெளியிலயே நிண்டிட்டுப் போயிட்டாங்க.

உன்ட கடிதத்தை வாசிச்சிட்டு, அண்டைக்கு அவர் பிடிச்ச கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவினன். வேற ஒண்டும் செய்யேல்ல. அழவும் இல்ல. பிறகு அதைச் சங்கத்தில எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினன். சரியா எழுதினதுக்கு நன்றி, தங்கச்சி.

தேர்தலில அவர் வெண்டதை நீ அறிஞ்சிருப்பாய். சத்தியப்பிரமாணம் எடுக்கக்குள்ளயும் அதே சாந்தமான முகம்தான். பஸ் நிலையத்தடியில என்ட படம் வெயிலில வெளிறிப்போய் இன்னும் தொங்குது. தை மாசம் புதுப் பாலம் ஒண்டு திறக்க அவரே இஞ்ச வாறாராம். டிவிக்காரரும் வருவாங்க. சங்கத்தில எல்லாரும் போறதெண்டு முடிவெடுத்திருக்கிறம். ஒவ்வொருத்தியும் தன்ட பிள்ளைட பேரைப் போட்டுக் கேக்கிறதுக்கு நீ எழுதின வசனத்தைப் பாடமாக்கிறாங்க. பின்னேரத்தில எங்கட முத்தத்தில ஒரே சிங்களப் பள்ளிக்கூடம்தான்.

எனக்கு இன்னொரு வசனம் வேணும். நான் கேட்டதுக்கு அவர் பதில் சொல்லாட்டியும், அவர் கேட்டதுக்குப் பதில் என்னட்ட இருக்குது. அதைச் சிங்களத்தில எழுதி அனுப்பு:

"என்னை ஒருத்தரும் கூட்டிக்கொண்டு வரேல்ல. நானாத்தான் வந்தன்."

அவர் சொன்ன அந்தக் கேனி எண்ட சொல்லையும் விடாம அதில போடு. வசனம் நீண்டாலும் பரவாயில்ல. பாடமாக்க நேரம் இருக்குது.

உன்ட அக்கா
மாக்கிரட்